இரண்டு நாட்டுக்கும் வரி கட்டுகிற கவிதை

ஒரு கவிதையில் விமான நிலையம், கொஞ்சம் பனி, அம்மா கைச்சோறு, இந்த மூன்றும் வந்துவிட்டால் போதும்; 'புலம்பெயர் கவிதை' என்று முத்திரை குத்தி அலமாரியில் வைத்துவிடுகிறோம். அந்த ஒரே முத்திரைக்குக் கீழே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத கவிதைகள் கலந்து கிடக்கின்றன. விட்டுவந்த ஊரை நினைத்து அழுகிற கவிதை அதில் உண்டு. ஊராவது நாடாவது, உலகம் முழுக்க நம்முடையதுதான் என்கிற கவிதையும் உண்டு. இந்த இரண்டிலும் சேராமல், 'எனக்கு இரண்டு நாடு. இரண்டிலும் எனக்கு வேலை இருக்கிறது, இரண்டின் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது' என்று சொல்கிற கவிதை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன். கவிதை வாசித்துப் பழக்கமில்லாதவர்களுக்காக எழுதுவது. அதனால் கலைச்சொற்களைக் கூடுமானவரை தள்ளியே வைக்கிறேன்.

கொங்கு நாட்டில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசக் காரணம் உண்டு. பெருந்துறை, பொள்ளாச்சி, திருச்செங்கோடு என்று எந்தப் பக்கம் போனாலும் பிள்ளையையோ பேத்தியையோ வெளிநாட்டில் வைத்திருக்கிற வீடு தட்டுப்படும். தோட்டத்துச் சாளையில் வயசானவர்கள் இரண்டு பேர், நாலு மாடு, ஒரு நாய். பிள்ளைகள் டாலஸிலோ டொரண்டோவிலோ. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வேறு நாட்டிலிருந்து இங்கே வந்து சேர்ந்தவர்கள். பவானிசாகரிலும் அரச்சலூரிலும் முகாமில் இருக்கிற இலங்கைத் தமிழர்கள். நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலை பறிக்கிற, இன்றும் 'சிலோன்காரங்க' என்று பேர் போகாத குடும்பங்கள். போனவர்களும் வந்தவர்களும் நம் கண்ணெதிரிலேயே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய கவிதையை மட்டும் எங்கோ தூரத்துச் சமாசாரமாக வைத்திருக்கிறோம்.

எது இந்தக் கவிதை இல்லை?

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பாரதியிடமிருந்து ஆரம்பிக்கலாம். இந்தியாவிலிருந்து பிஜித் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றியது 1879 முதல் 1916 வரை. 1903க்கு அப்புறம் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆட்கள் போனார்கள். அங்கே கரும்புத் தோட்டத்தில் வதைபட்ட பெண்களை நினைத்து பாரதி பாடியதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள்:

நாட்டை நினைப்பாரோ? - எந்த
நாளினிப் போயதைக் காண்பதென்றே அன்னை
வீட்டை நினைப்பாரோ?

இந்தப் பாட்டில் பிஜி எப்படி வருகிறது என்று பாருங்கள். 'கண்ணற்ற தீவு' என்று வருகிறது. அங்கே முளைக்கிற ஒரு மரத்தின் பெயர் இல்லை, அந்த மண்ணின் மனிதர் ஒருவரும் இல்லை. நாடு என்றால் இந்தியா ஒன்றுதான், மற்றது சிறை. பாரதி அப்படி எழுதியது சரிதான். சாட்டைக்குக் கீழே நிற்கிற பெண்ணிடம் 'இந்த மண்ணும் உன்னுடையதுதானே' என்று கேட்பது கொடுமை. ஆனால் கவிதையின் வகை என்று பார்த்தால் இது ஒரு நாட்டுக் கவிதை. ஊர் ஏக்கக் கவிதைகளில் பெரும்பாலானவை இந்தப் பக்கம்தான் சேரும்.

அடுத்தது கணியன் பூங்குன்றனார். உலகத் தமிழ் மாநாடு என்று எங்கே பந்தல் போட்டாலும் முதல் பதாகையில் 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' வந்துவிடும். சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டிதான் அவருடைய பழைய பூங்குன்றம் என்கிறார்கள். பதாகையோடு நிறுத்திக்கொள்ளாமல் புறநானூற்றின் 192ஆம் பாட்டை முழுக்கப் படித்தால், அது நாடுகளைப் பற்றிய பாட்டாகவே இல்லை. தீமையும் நன்மையும் பிறர் தந்து வருவதில்லை, சாவு புதிதில்லை, ஆற்று வெள்ளத்தில் போகிற புணை (தெப்பம்) மாதிரி உயிர் அதன் முறைப்படி போகிறது. ஆகவே பெரியவர்களைக் கண்டு வியப்பதும் இல்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடிகிறது. பற்றை விட்டுவிட்ட ஒருவரின் பாட்டு அது. நாம் பேசுகிற கவிதையோ இரண்டு இடத்தில் பற்று வைத்துவிட்டு இரண்டையும் விட முடியாமல் தவிக்கிறவரின் பாட்டு. 'யாவரும் கேளிர்' என்பவருக்கு யாரும் போன் பண்ணி, 'கண்ணு, சீருக்கு நீயி வராட்டி நல்லா இருக்குமா?' என்று கேட்பதில்லை.

இதைச் சொல்லும்போது கோவைக்காரர்களுக்கு வானம்பாடி ஞாபகம் வரலாம். 1971இல் கோவையில் தொடங்கிய இதழ்; சிற்பி, புவியரசு, ஞானி என்று ஒரு பெரிய கூட்டம். 'மானுடம் பாடும்' என்பதுதான் அவர்கள் அடையாளம். புதுக்கவிதையை இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அவர்கள். ஆனாலும் 'மானுடம்' என்பது ரொம்பப் பெரிய சொல். அதற்குள் ஒரு தனி மனுஷன், அவன் கட்ட வேண்டிய பாக்கி, அவன் தெருவின் பெயர் எல்லாம் காணாமல் போய்விடும். அதே சிற்பி பிறகு தன் கிராமத்தையும் அதன் ஆற்றையும் பாடிய 'ஒரு கிராமத்து நதி' தொகுப்புக்குத்தான் 2003இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. இரண்டு நாட்டுக் கவிதைக்கும் இந்த மாதிரி குறிப்பான இடம் வேண்டும். ஒன்றுக்குப் பதிலாக இரண்டு குறிப்பான இடங்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு நாட்டார் பாட்டு

இப்போது இந்த வகை எங்கே துளிர்விடுகிறது என்று ஒரு பழைய பாட்டில் காட்டுகிறேன். இலங்கை மலையகத்துக்குக் காப்பித் தோட்ட வேலைக்கும் பிறகு தேயிலைத் தோட்ட வேலைக்கும் போன நம் ஆட்கள் பாடியது:

ஊரான ஊரிழந்தேன்
ஒத்தப்பனைத் தோப்பிழந்தேன்
பேரான கண்டியிலே
பெத்த தாயை நான் மறந்தேன்

முதல் இரண்டு வரி ஒப்பாரி. இழந்தேன், இழந்தேன் என்று போகிறது. கணக்கும் துல்லியமாக இருக்கிறது: 'என் நாடு' என்று பொத்தாம் பொதுவாக இல்லை, ஒற்றைப் பனை நிற்கிற தோப்பு. மூன்றாவது வரியில்தான் விஷயம் திரும்புகிறது. வந்து விழுந்த இடத்துக்கு ஒரு அடைமொழி கொடுக்கிறார் பாடுகிறவர், 'பேரான கண்டி' என்று. அதில் கேலி இருக்கலாம். பிரபலமான கண்டி என்று ஆள்பிடிக்கிற கங்காணி சொன்ன வார்த்தையைத் திருப்பிக் குத்துவதாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்த வரியைப் பாருங்கள். 'பெத்த தாயைப் பிரிந்தேன்' என்று இல்லை, 'மறந்தேன்' என்று இருக்கிறது. பிரித்தது யாரோ, மறந்தது நான். மறப்பதற்கு வேறு ஏதோ மனசை அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். கண்டியில் பாடுகிறவருக்கு ஒரு நிகழ்காலம் வந்துவிட்டது, அதுதான் அந்தக் குற்ற உணர்ச்சி. நாலு வரிக்குள் ஒரு நாட்டில் ஆரம்பித்து இரண்டு நாட்டின் வாசலுக்கு வந்து நிற்கிற பாட்டு இது. இந்தப் பாட்டை வெறும் சோகப் பாட்டாக மட்டும் மேடையில் பாடிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

விண்ணப்பப் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்

கவிதையிலிருந்து கொஞ்சம் விலகிச் சட்டத்துக்கு வரலாம். இந்தக் கவிதைகளுக்குள் இருக்கிற முறுக்கம் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி வாங்கிக்கொண்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும்; அரசியலமைப்பின் 9ஆவது பிரிவிலேயே அது வந்துவிட்டது, 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதையே சொல்கிறது. 2005இல் கொண்டுவந்த ஓசிஐ அட்டைக்குப் பேர்தான் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை. அதை வைத்து ஓட்டுப் போட முடியாது. விவசாய நிலமும் விலைக்கு வாங்க முடியாது. அப்பா வைத்துவிட்டுப் போன தோட்டம் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். காங்கேயம் பக்கத்துப் பையன் ஒருவன் அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் நாலு ஏக்கர் அவனுக்கு வரும். பொழி ஒட்டி இருக்கிற பக்கத்துக் காடு விலைக்கு வந்தால் அவன் பேரில் கிரயம் பண்ண முடியாது. மண் மேல் ஆசை உள்ள குடும்பத்தில் பிறந்தவனுக்கு இது எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இதை வைத்து யாராவது ஒரு நல்ல கவிதை எழுதினால் முதல் ஆளாக நான் படிப்பேன்.

மலையகத்தார் கதை இதைவிடக் கசப்பு. இலங்கை சுதந்திரம் வாங்கிய 1948லேயே வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்து, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் ஆரம்பமாயின. இன்றைக்கு டான்டீ என்று கடையில் வாங்குகிறோமே, அது. அங்கே இருந்தவரை 'கள்ளத்தோணி', 'இந்தியாக்காரன்' என்ற ஏச்சு. இங்கே வந்ததும் 'சிலோன்காரன்'. இரண்டு நாடும் அவர்களை மற்ற நாட்டின் பேர் சொல்லித்தான் கூப்பிட்டது.

அப்புறம் முகாமில் பிறந்த பிள்ளைகள். 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பிறந்த இடம் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். பின்னால் வந்த திருத்தம் அதையும் இறுக்கியது. ஆக, சத்தியமங்கலத்து ஆஸ்பத்திரியில் பிறந்து, பவானிசாகர் பள்ளியில் படித்து, 'ஏனுங்க டீச்சர்' என்று ராகம் போட்டுப் பேசி, வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவோடு வன்னித் தமிழில் கதைக்கிற பெண், பார்த்தேயிராத நாட்டின் ஆளாகக் காகிதத்தில் இருக்கிறாள். 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பலகை மாறியது நல்லதுதான். அந்தப் பெண் எழுதப்போகிற கவிதைக்கு எந்தப் பெயர்ப் பலகை வைப்பது என்பது வேறு கேள்வி.

இரண்டு வரைவுகள்

வகை வித்தியாசம் சொன்னால் பாதிதான் புரியும். எழுதிக் காட்டினால் தெளிவாகும். இதற்காகவே நான் கட்டிய வரிகள் இவை, பெரிய கவிதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கோபியிலிருந்து டொரண்டோவுக்குப் போன ஒருவர் பேசுகிறார்.

முதல் வரைவு:

பனி கொட்டுகிறது
பாரியூர்க் குண்டம்
நெஞ்சுக்குள் எரிகிறது
அம்மா சுட்ட கச்சாயத்தின் வாசம்
அலைபேசி வழியே வருவதில்லை

படித்ததும் 'ஆஹா' என்று தோன்றும். தோன்றத்தான் வேண்டும், அதற்கென்று அளவெடுத்துச் செய்தது. பனி என்றால் குளிர், தனிமை. குண்டம் என்றால் சூடு, சொந்தம். அங்கே எல்லாம் கெட்டது, இங்கே எல்லாம் நல்லது. டொரண்டோவுக்குப் பதிலாக மாஸ்கோ என்று போட்டாலும் ஒரு வரியும் மாறாது. அந்த ஊரில் இவர் வாழவே இல்லை, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டாம் வரைவு:

தைக்குள் தலைக்கட்டு வரி அனுப்பிவிடு என்றார்
பெரியப்பா
நடைபாதைப் பனியைத் தள்ளாவிட்டால் அபராதம் என்றது
நகராட்சித் தாள்
அனுப்பினேன்
தள்ளினேன்
இரண்டு ரசீதிலும் என் பேர் இருக்கிறது
கோயில் ரசீதில் அப்பா எனக்கு முன்னால்
சொத்துவரி ரசீதில் எனக்குப் பின்னால்

இதில் 'நினைவு' என்கிற சரக்கே இல்லை. குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி கேட்பது இந்தப் பக்கத்து வழக்கம். கேட்டு அனுப்புகிறார்கள் என்றால் அவர் இன்னும் அந்தக் கோயில் கணக்கில் இருக்கிறார் என்று அர்த்தம். அதே மாதிரி, வீட்டு முன்னால் பனியைத் தள்ளு என்று நகராட்சி மிரட்டுகிறது என்றால் அந்தத் தெருவில் அவருக்கு ஒரு வாசல் இருக்கிறது. இரண்டு இடமும் அவரை அதட்டுகிறது. உரிமை கொண்டாடுகிற இடம்தானே அதட்டும்? கடைசி இரண்டு வரியில் அப்பா பேர் இனிஷியலாக முன்னால் நிற்பதும், அந்த நாட்டு வழக்கப்படி குடும்பப் பெயராகப் பின்னால் போவதும் அப்படியே நடப்பது. நான் எதையும் சேர்க்கவில்லை.

இந்த இரண்டாம் வரைவை ஒரு கூட்டத்தில் வாசித்தபோது முன்வரிசையில் இருந்த அப்பாரு ஒருத்தர் எழுந்து, 'இதுல கவிதை எங்கீங்க இருக்குது? ரெண்டும் நோட்டீஸாட்ட இருக்குதுங்' என்றார். நியாயமான கேள்வி. அவருக்கு நான் சொன்ன பதில், முதல் வரைவில் கவிதை மாதிரித் தெரிவதெல்லாம் ஏற்கெனவே யாரோ எழுதி வைத்தது என்பதுதான். அவர் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 'தாய்நாடும் வந்த நாடும் என் இரு கண்கள்' என்று எழுதிவிடுவது. சமமாகப் பங்கு வைத்தால் கவிதை செத்துவிடும். உண்மையில் எந்த மனுஷனுக்கும் இரண்டு நாடு சமமாக இருப்பதில்லை. ஒரு மாசம் இது கனக்கும், ஒரு மாசம் அது. ஒன்றில் ஓட்டு இருக்கும், இன்னொன்றில் கடன் இருக்கும். அந்தக் கோணல்தான் கவிதைக்கு வேண்டியது.

வெளியே எப்படி எழுதியிருக்கிறார்கள்

இரண்டு நாட்டுக் கவிதைக்கு ஆங்கிலத்தில் எல்லோரும் முதலில் காட்டுவது டெரெக் வால்காட்டை. கரீபியக் கடலில் செயின்ட் லூசியா என்ற சின்னத் தீவுக்காரர், 1992இல் நோபல் வாங்கியவர். பாட்டிகள் வழியில் ஆப்பிரிக்கா, தாத்தாக்கள் வழியில் ஐரோப்பா. கென்யாவில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக மாவ் மாவ் எழுச்சி நடந்த காலத்தில் அவர் எழுதிய கவிதை ஒன்றில், இரண்டு பக்கத்துக் கொலையையும் பார்த்துவிட்டு, இரண்டு ரத்தமும் ஓடுகிற நான் எந்தப் பக்கம் திரும்புவேன் என்று கேட்கிறார். குடிபோதையில் ஆண்ட வெள்ளை அதிகாரியைச் சபித்தவன், அவன் தந்த ஆங்கிலத்தை நேசிக்கிறேனே என்பது சிக்கல். கவிதை முழுக்கக் கேள்வியாகவே முடிகிறது, பதில் சொல்லவில்லை. அதில் ஏக்கம் கொஞ்சம்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் ஆப்பிரிக்காவை விட்டு வந்தவர் அல்ல, அங்கே பிறந்தவரும் அல்ல. ஆனாலும் அது அவரைக் கேள்வி கேட்கிறது.

எனக்கு நெருக்கமானவர் ஏ.கே.ராமானுஜன். 1929இல் மைசூரில் பிறந்தவர். வீட்டில் கீழ்த்தளத்தில் அம்மாவோடு தமிழ், மாடியில் அப்பாவோடு ஆங்கிலம், தெருவில் கன்னடம். நம் பக்கத்தில் அடுக்களையில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுக் கடைக்கு வந்து கொங்குத் தமிழ் பேசுகிற குடும்பங்கள் எத்தனை! அவர்களுக்கு இது உடனே பிடிபடும். சிகாகோவில் பேராசிரியராக இருந்து, குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் கொடுத்தவர். 1993இல் அங்கேயே மறைந்தார். அவருடைய கவிதை ஒன்றில் ஒரு ஆள் சிகாகோவின் 57ஆம் தெருவும் டார்செஸ்டரும் சேர்கிற முனையில் நிற்கிறான். போக்குவரத்து விளக்கு ஆரஞ்சாக மாறுகிறது. அவ்வளவுதான், கால் தடுமாறிக் காட்டுத் தீக்குள் விழுகிறான், நுரைத்தோடும் இமயத்து ஆற்றில் இறங்குகிறான். அப்புறம் பார்த்தால் பதினான்காவது மாடி ஜன்னலில் மிச்சிகன் ஏரி ஊர்ந்துகொண்டிருக்கிறது. 'என் நாட்டை நினைத்தேன்' என்று ஒரு வார்த்தை கிடையாது. தெருமுனையின் பெயர் இருக்கிறது, விளக்கின் நிறம் இருக்கிறது, எத்தனையாவது மாடி என்பது இருக்கிறது. சிகாகோவை அவ்வளவு துல்லியமாகச் சொல்வதால்தான் அடுத்த அடியில் வேறொரு நிலம் திறக்கும்போது நமக்கும் கால் இடறுகிறது.

சுஜாதா பட்டின் வழி இன்னொன்று. அகமதாபாத்தில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, ஜெர்மனியில் குடியிருப்பவர். தாய்மொழியை இழந்துவிடுவோமோ என்ற பயத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே வந்தவர், நடுவில் சட்டென்று குஜராத்தி எழுத்திலேயே சில வரிகளை வைத்துவிடுகிறார். குஜராத்தி தெரியாத வாசகர் அந்த இடத்தில் நின்று விழிக்க வேண்டியதுதான். அந்த விழிப்பும் கவிதையின் பகுதி. வாழ்க்கை முழுக்க அவர் விழித்ததில் ஒரு நிமிஷம் நமக்கும் கிடைக்கிறது.

தமிழிலேயே எழுதுகிறவர்களில், ஈழக் கவிஞர் சேரனின் கவிதைகளைக் காலவரிசையில் படித்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். 1983இல் வந்த 'இரண்டாவது சூரிய உதயம்' காலத்துக் கவிதைகள் எரிகிற யாழ்ப்பாணத்தின் நடுவிலிருந்து எழுதியவை. கனடா போன பிறகு எழுதியவற்றில் நிலமும் குளிரும் கடலும் வேறு விதமாக வந்து உட்காருகின்றன. கனடாவிலேயே வாழ்ந்து 2015இல் மறைந்த இன்னொரு ஈழக் கவிஞர் திருமாவளவன் (நம் ஊர் அரசியல் தலைவர் இல்லை, இவர் வேறு). அவருடைய ஒரு தொகுப்பின் பெயர் 'பனிவயல் உழவு'. ஏர் பிடித்த கை எதுவும் அந்தத் தலைப்பைச் சும்மா தாண்டிப் போக முடியாது. பனியை உழுதால் என்ன விளையும் என்ற கசப்பும் அதில் இருக்கிறது, எந்த நிலம் கிடைத்தாலும் உழுதுதான் பார்ப்பேன் என்ற பிடிவாதமும் இருக்கிறது. சிங்கப்பூர்க் கவிஞர் க.து.மு.இக்பால் கடையநல்லூரில் பிறந்து 1951இல் சிறுவனாக அங்கே போனவர். 2014இல் அந்த நாட்டின் கலாசாரப் பதக்கம் பெற்றார். அவர் தலைமுறைக்குச் சிங்கப்பூர்தான் சொந்த நாடு, இங்கேயுள்ள ஊர் பிறந்த ஊர். இரண்டும் வேறு வேறு.

யார் காத்திருக்கிறார்கள்?

பழைய தமிழ்க் கவிதையில் பிரிவுக்கு ஒரு சட்டம் உண்டு. பொருள் தேடி, போருக்கு, தூதுக்கு என்று ஆண் போவான். பெண் வீட்டிலிருந்து காத்திருப்பாள். கடல் கடந்து போகும்போது பெண்ணைக் கூட்டிப் போகும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியமே, 'முந்நீர் வழக்கம் மகடூஉவோடு இல்லை' என்கிறது. பிரிவைப் பாடுகிற பாலைத் திணையின் கண்ணீர் எல்லாம் அந்தக் காத்திருப்பில்தான்.

இன்றைக்கு அந்த ஏற்பாடு தலைகீழாகிவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் விமானம் ஏறுகிறார்கள். சில வீடுகளில் பெண் முதலில் வேலை வாங்கிப் போகிறாள், அவன் பின்னால் போகிறான். காத்திருக்கிறவர்கள் அப்பாருவும் ஆத்தாவும். ஆகையால் இப்போதைய பாலைக்கு எழுபது வயசு. பேத்திக்கு இங்கிலீஷில் பதில் சொல்லத் தெரியாமல், 'சாப்பிட்டயா சாமி' என்பதையே வீடியோ காலில் மூன்று தடவை கேட்கிற ஆத்தாவின் பக்கமிருந்து கவிதைகள் மிகக் குறைவு. இரண்டு நாடு என்றால் போனவருக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். விசா நேர்காணலுக்குச் சென்னைக்குப் போய் வரிசையில் நின்று, பேறுகாலம் பார்க்க ஆறு மாசம் அங்கே போய், பருப்பு வேகாத குக்கரோடு மல்லுக்கட்டி, திரும்பி வந்து 'அங்க ரோடு சுத்தமுங், ஆனா ஒரு ஈ காக்கா இல்லீங்' என்று சொல்கிற அம்மாவுக்கும் இரண்டாவது நாடு ஒன்று வந்துவிட்டதுதானே?

படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

கவிதை ஒன்றைக் கையில் எடுத்தால், அது இரண்டு நாட்டுக் கவிதையா என்று பார்க்க எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வினைச்சொற்களைப் பார்ப்பேன். விட்டுவந்த ஊர் எல்லாம் 'இருந்தது, மணத்தது, சிரித்தது' என்றும், வந்த ஊர் எல்லாம் 'குளிர்கிறது, வலிக்கிறது' என்றும் பிரிந்து நின்றால் அது ஏக்கக் கவிதை. இரண்டு ஊரிலும் இப்போது ஏதோ நடந்துகொண்டிருந்தால் கொஞ்சம் நிதானித்துப் படிப்பேன். அடுத்து, கவிஞர் எதை விளக்குகிறார், எதை விளக்காமல் விடுகிறார் என்பது. கச்சாயத்துக்கு அடிக்குறிப்புப் போட்டு, சப்வேயைச் சும்மா விட்டால் அவர் யாரிடம் பேசுகிறார் என்று தெரிந்துவிடும். இரண்டையுமே விளக்காமல் விடுகிறவர் துணிச்சல்காரர். தன்னைப் போலவே இரண்டு பக்கமும் தெரிந்த ஒரு வாசகரை அவர் எதிர்பார்க்கிறார். அந்த வாசகர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், ஈழக் கவிதையிலிருந்து என்பேன். 'நூலகம்' இணையத்தளத்தில் இலங்கைத் தமிழ் நூல்களும் பழைய இதழ்களும் காசில்லாமல் படிக்கக் கிடைக்கின்றன. ஒரே கவிஞரின் இரண்டு தொகுப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள், நாட்டை விட்டுப் போவதற்கு முன்னால் ஒன்று, போன பின்னால் ஒன்று. ராமானுஜனை ஆங்கிலத்திலேயே படிக்கலாம். சொற்கள் எளிமைதான், கல்லூரி முதலாண்டு ஆங்கிலம் போதும். மலையக நாட்டார் பாடல்களை மட்டும் புத்தகத்தில் படிப்பதைவிடக் கேட்பது மேல். கோத்தகிரி, குன்னூர், வால்பாறைப் பக்கம் யாராவது தெரிந்தவர்கள் இருந்தால், வீட்டில் பெரியம்மா வயசில் இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கேட்டதும் பாடிவிட மாட்டார்கள், முதலில் டீ வரும். தேயிலை எந்தத் தோட்டத்தது என்று அவர்களே சொல்வார்கள்.